பத்தி பதினொன்று

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.
ஆறு தாள், இரண்டு பக்கமும் அச்சு.
முதல் தாளில் ஒரு குடும்பம் சோபாவில் இருந்து சிரித்தது.
அவர்களுக்கு எல்லாம் வேகமாகக் கிடைக்கிறதாம்.

அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தேன்.
ஆஸ்பத்திரிக் குசினியின் அவியல் மணம்
தலைமயிரில் இன்னும் இருந்தது.
ஜன்னலுக்கு வெளியே, வூப்பர் ஆற்றின் மேல்,
ரயில் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டு போனது.

என்னுடைய இருபத்தாறு வருஷ ஜெர்மன்
கடைக்குக் காணும், டாக்டருக்குக் காணும்,
நிபந்தனைகளுக்குக் காணாது.
போன் கமராவைத் தாளுக்கு மேல் பிடித்தேன்.
எழுத்துகள் நடுங்கி, கரைந்து,
தமிழாக எழும்பி நின்றன.
அவர்களுடைய கடிதத்தை
அவர்களுடைய இணைப்பில்தான் வாசிக்க முடிகிறது.
அதற்கும் மாதம் முப்பத்தொன்பது யூரோ தொண்ணூறு சதம்.

"மதிப்புக்குரிய ஒப்பந்தத் துணைவர் யோகநாயகம் அவர்களே"
என்று தொடங்கியது.

துணைவர் நாலு வருஷத்துக்கு முன்
இரண்டு சூட்கேசும் றைஸ்குக்கரும் எடுத்துக்கொண்டு
மன்ஹைமுக்குப் போய்விட்டார்.
ஒப்பந்தம் அவர் பெயரில்.
காசு என் கணக்கில்.
வைஃபைக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்: யோகா பலஸ்.
ஒவ்வொரு புதுப் போனோடும்
கடவுச்சொல் போட்டு அந்த மாளிகைக்குள்தான் நுழைகிறேன்.

விலை ஐந்து யூரோ ஏறும்.
வேகம் 'வரை' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும்.
வெளிநாட்டு அழைப்பு இனிப் பொதியில் இல்லை.
றவுட்டருக்கு வாடகை.
பத்தாம் பத்தியில் எனக்குக் கண் சொருகியது.
பதினோராவதில் நிமிர்ந்து இருந்தேன்.

"குறித்த நாளுக்குள் நீங்கள் மறுக்காவிட்டால்
உங்கள் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும்."

மொழிபெயர்ப்புப் பிழையாக்கும் என்று
கமராவைத் தூக்கித் திரும்பப் பிடித்தேன்.
அதே வரி.
இதை ஜெர்மன்காரனுக்கு ஆர் சொல்லிக் கொடுத்தது?

அன்றைக்கு நான் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றேன்.
மாப்பிள்ளை வரவில்லை, படம் வந்திருந்தது.
அவருடைய சித்தப்பா கேட்டார்:
"பிள்ளைக்கு விருப்பம்தானே?"
ஒரு கோப்பைக்குள் எறும்பு மிதந்தது.
எடுப்பதா விடுவதா என்று
அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.
"மௌனம் சம்மதம்" என்று ஆரோ சொல்ல
எல்லாரும் சிரித்தார்கள்.
அந்தக் கோப்பையைச் சித்தப்பாதான் எடுத்தார்.

தவணை நாள் என்று ஒன்று சொல்லவில்லை.
மறுப்பை அனுப்ப
ஒரு தபால்பெட்டி இலக்கம்கூடத் தரவில்லை.

வியாழக்கிழமை கொம்பனிக்கு எடுத்தேன்.
இருபத்திரண்டு நிமிஷம் பியானோ.
பிறகு ஒரு பெடியன், களைத்த குரல்.
ஒப்பந்தக்காரரோடு மட்டும்தான் கதைக்கலாம் என்றான்.
"நீங்கள் ஹெர் யோகநாயகமா?"

ஓம் என்றேன்.

கொஞ்சம் தயங்கினான்.
என் குரல் என் குரலாகவேதான் இருந்தது.
பிறந்த திகதி கேட்டான்.
சொன்னேன். பொருத்தம் பார்த்த நாளில்
பதினைந்து தரம் வாசித்தது, மறக்குமா?
வாடிக்கையாளர் இலக்கத்தையும் சொன்னேன்.
பாவம், அவனுக்கும் வேலை முடிகிற நேரமாக இருக்கும்.
"சரி ஹெர் யோகநாயகம், என்ன செய்யவேணும்?"

மறுக்கிறேன்.

"எதை?"

எல்லாவற்றையும் என்றேன்.
பிறகு, பதினோராம் பத்தியை என்று திருத்தினேன்.
விசைப்பலகைச் சத்தம் கேட்டது.
எழுத்திலும் தரவேணும் என்றான்.
ஜெர்மனில் இரண்டே வரி எழுதிப்
பதிவுத்தபாலில் போட்டேன்.
கையெழுத்து மட்டும் என்னுடையது:
தயாபரி. வாசிக்கிறவன் வாசிக்கட்டும்.

மாதக் கடைசியில் மாளிகை
போனின் பட்டியலிலிருந்து காணாமல் போனது.
ஒன்பது நாள் இணைப்பில்லை.
மேல்வீட்டு பெற்றா தன்னுடையதைத் தந்தாள்,
கோழிக்கறிக்கு மாற்றாக.

இப்போது வேறு கொம்பனி, என் பெயரில்.
தாள்களைக் கையெழுத்துக்கு முன்பே வாசித்தேன்.
அங்கே பதினொன்று இல்லை,
அதே வரி ஒன்பதாம் பத்தியில் இருக்கிறது.
கலண்டரில் ஒரு நாளைச் சிவப்பால் வட்டமிட்டிருக்கிறேன்.

புதுப் பெட்டி வைஃபைக்குப் பெயர் கேட்டது.
இன்னும் வைக்கவில்லை.